பழைய ஆமி லொறி: எஞ்சினைப் பிரித்துச் செய்வதா, வேறு எஞ்சின் இறக்குவதா?

ஏலத்தில் எடுத்த லொறி முற்றத்தில் நிற்கிறது. காலையில் வெள்ளைப் புகை, சுமை ஏற்றினால் நீலப் புகை, ஒயிலும் குடிக்கிறது. ஒரு மெக்கானிக் "ரிங் மட்டும் மாத்தினாக் காணும் அண்ணை" என்கிறார். அடுத்தவர் "உதைக் கழட்டி எறிஞ்சுபோட்டு ஜப்பான் எஞ்சின் இறக்குங்கோ" என்கிறார். இரண்டு பேரும் எஞ்சினை இன்னும் அளந்து பார்க்கவில்லை.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 தொடக்கத்தில்தான் மீண்டும் திறந்தது. அந்த இடைவெளியில் பழைய லொறிகளின் விலை ஏறியது. இரும்புக்குப் போகவேண்டிய வண்டிகளும் கராஜுக்கு வரத் தொடங்கின. எங்களிடம் வரும் கேள்விகளில் அதிகம் டாட்டா 1210 வகை லொறி என்பதால் அதை வைத்தே பேசுகிறோம். லேலண்ட், பெட்போர்ட் வைத்திருப்பவர்களுக்கும் வாதம் இதுதான், அளவுகள் மட்டும் மாறும். அதிலுள்ள டாட்டாவின் 697 எஞ்சின் 97 மி.மீ. போர் (சிலிண்டரின் உட்குறுக்களவு), 128 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), ஆறு சிலிண்டர், 5675 சிசி. பென்ஸின் ஓஎம் 352 எஞ்சினுக்கும் இதே அளவுதான். நம்மூரில் எல்லோருக்கும் தெரிந்த பவள் கவச வாகனத்துக்குள் இருந்ததும் அந்த 352 தான்.

## எதை வைத்து முடிவெடுப்பது

எஞ்சினின் விலையை மட்டும் பார்த்து முடிவெடுத்தவர்கள்தான் அதிகம் நட்டப்படுகிறார்கள். பார்க்கவேண்டியவை இவை:

- புளொக்கும் கிராங்க்கும் அளவில் நிற்கின்றனவா.
- சாமானும் லேத் வேலையும் எங்கே கிடைக்கும். வாகனச் சாமான் கடைகள் உள்ள கொழும்புப் பஞ்சிகாவத்தை யாழ்ப்பாணத்திலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர். பிழையான பேரிங் செற் ஒன்று வந்தால் போய்வர இரண்டு நாள்.
- எஞ்சினோடு பூட்டியிருப்பவை: பிரேக்குக்குக் காற்று தரும் கம்பிரசர், சம்ப் (அடியில் உள்ள ஒயில் தொட்டி), பெல் ஹவுசிங் (கிளச்சை மூடும் கூடு), 24 வோல்ட் மின்சாரம்.
- பதிவுப் பத்திரத்தில் உள்ள எஞ்சின் இலக்கம்.
- வண்டிக்கு என்ன வேலை. தீவுப் பக்கத்துக்குத் தினமும் தண்ணீர் ஏற்றும் பவுசரும், அறுவடைக் காலத்தில் மட்டும் கிளிநொச்சிக்குப் போய் நெல் ஏற்றிவரும் லொறியும் ஒன்றல்ல.

## பிரிப்பதற்கு முன் அளவு

ஆமி வண்டியில் கிலோமீற்றர் மீற்றரை நம்பவேண்டாம். குறைந்த ஓட்டம் என்றால் நல்ல எஞ்சின் என்று நினைப்போம். ஆனால் இவை நின்ற இடத்தில் மணிக்கணக்காக ஐட்லிங்கில் ஓடியவை, பிறகு ஏலம் வரும்வரை வருடக்கணக்காக வெயிலிலும் மழையிலும் நின்றவை. சுமையில்லாமல் ஓடினால் போர் கண்ணாடி போலாகி ரிங் ஒயிலை வழிக்காது. நின்று போனால் திறந்திருந்த வால்வு வழியாக ஈரம் இறங்கி, ஒன்றிரண்டு சிலிண்டர் மட்டும் துருப்பிடிக்கும்.

நின்ற எஞ்சினுக்கு நேரே பற்றறி கொடுத்து ஸ்ரார்ட் அடிக்கக்கூடாது. டீசல் அடிக்கும் ஆறு நொசிலையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் 50 மி.லீ. அளவில் டீசலும் கியர் ஒயிலும் கலந்து விட்டு, ஒரு நாளாவது ஊறவிடுங்கள். பிறகு கிராங்க் புல்லியில் நீட்டுச் சாவி போட்டுக் கையால் சுற்றுங்கள். இரண்டு முழுச் சுற்று தடையில்லாமல் வந்தபிறகு, நொசில் இல்லாமலே ஸ்ரார்ட்டரால் சுழற்றி உள்ளே கிடப்பதை வெளியே தள்ளுங்கள். இதைச் செய்யாமல் நொசிலைப் பூட்டினால், அமுங்காத எண்ணெய் கொன்ரொட்டை (பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் தண்டு) வளைத்துவிடும்.

அடுத்தது கொம்பிரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம். இந்த வகை எஞ்சினில் 20 பார் அளவிலோ அதற்கு மேலோ வந்தால் நல்லது. எல்லாச் சிலிண்டரும் கொஞ்சம் குறைந்து ஒரே அளவாக நின்றால் அவசரம் இல்லை. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் 3 பாருக்கு மேல் வித்தியாசம் வந்தால்தான் காரணம் தேடவேண்டும்.

இங்கே ஒரு பழக்கப் பிழை உண்டு. பெற்றோல் எஞ்சினில் செய்வதுபோல ஒரு கரண்டி ஒயில் ஊற்றி மறுபடி அளப்பார்கள். அளவு ஏறினால் "ரிங் போய்ட்டுது" என்பார்கள். ஆனால் 17:1 அமுக்கவிகிதம் உள்ள இந்த எஞ்சினில், பிஸ்டன் மேலே நிற்கும்போது மிஞ்சும் இடம் வெறும் 59 சிசி. மேசைக்கரண்டி ஒன்றில் 15 மி.லீ. ஒயில். அதை ஊற்றினாலே விகிதம் 22க்கு மேல் போய்விடும். ரிங் நல்லதாக இருந்தாலும் அளவு ஏறத்தான் செய்யும்.

காற்று அடித்துப் பார்ப்பதே நம்பகமான வழி. அளவு குறைந்த சிலிண்டரை அமுக்க முடிவில் (பிஸ்டன் உச்சியில்) நிறுத்தி, நொசில் துளை வழியாக 5 பார் காற்று கொடுத்துக் காது கொடுங்கள். ஒயில் ஊற்றும் மூடியில் சீறினால் ரிங் அல்லது லைனர் (சிலிண்டருக்குள் இறக்கும் உறை). சைலன்சர் குழாயில் சீறினால் எக்சோஸ்ற் வால்வு, காற்றுவடிகட்டிப் பக்கம் சீறினால் இன்லெற் வால்வு. ரேடியேற்றரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட் அல்லது வெடித்த ஹெட். கிராங்க்கில் சாவியை விட்டுவைக்கவேண்டாம்: 97 மி.மீ. பிஸ்டன் மேல் 5 பார் என்பது 370 கிலோவுக்கு மேற்பட்ட தள்ளுவிசை, எஞ்சின் திடீரென்று சுழலும்.

ஒயில் பிரஷரை டாஷ்போர்டில் உள்ள பழைய முள்ளை நம்பிச் சொல்லக்கூடாது. புளொக்கில் நேரடியாக மீற்றர் பூட்டி, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு பாருங்கள். ஐட்லிங்கில் 1 பாரும், 2000 சுற்றில் 3 பாரும் நின்றால் கீழ்ப்பகுதியைத் தொடத் தேவையில்லை.

ஊறவிடும் நேரத்தை விட்டால் இவ்வளவும் அரைநாள் வேலை. இதைச் செய்யாமல் எந்தக் கராஜ் விலை சொன்னாலும் அது ஊகம்தான்.

## ஒரே பார்வையில்

| வழி | எப்போது பொருந்தும் | ஒளிந்திருக்கும் செலவு | வண்டி நிற்கும் காலம் | பத்திர வேலை |
|---|---|---|---|---|
| மேல் வேலை (ஹெட்) மட்டும் | கசிவு வால்விலோ கேஸ்கட்டிலோ, ஒயில் பிரஷர் நல்லது | பம்ப் ரூம் (டீசல் பம்ப், நொசில் வேலை), ஹெட் வெடிப்பு | ஒரு கிழமை அளவு | இல்லை |
| முழு வேலை (எஞ்சினைப் பிரித்து) | போர் தேய்வு, புளொக் நல்லது, 4×4 வண்டி | கிராங்க், லைனர் அளவு, ஒயில் கூலர் | மூன்று கிழமைக்குக் குறையாது | இல்லை |
| பஸ்ஸில் கழற்றிய அதே வகை எஞ்சின் | புளொக் வெடித்தது, கிராங்க் முறிந்தது | சம்ப் மாற்றம், அறியாத தேய்வு | சில நாள் | உண்டு |
| ஜப்பான் எஞ்சின் | 4×2, பவுசர், தினசரி ஓட்டம் | கம்பிரசர், அடப்ரர், புரொப்செல்லர் தண்டு | சொல்லமுடியாது | உண்டு |

## மேல் வேலை மட்டும்

நீலப் புகை வந்ததும் லைனர் அடிக்கத் தேவையில்லை. வால்வு கைட் (வால்வுத் தண்டு ஓடும் குழல்) தேய்ந்தாலும் நீலப் புகைதான். மலையிறக்கம் இல்லாத ஊரில் இதைப் பிடிக்கும் வழி இது: ஐந்து நிமிடம் ஐட்லிங்கில் விட்டு ஒருமுறை மிதியுங்கள். முதலில் ஒரு கொத்துப் புகை வந்து பிறகு தெளிந்தால் கைட் மேல் சந்தேகப்படலாம். சுமையோடு இழுக்கும்போது தொடர்ந்து வந்தால் ரிங்.

வேலை என்றால் ஹெட்டைக் கழற்றி, காற்றடித்துத் தண்ணீரில் அமிழ்த்தி வெடிப்புப் பார்ப்பது, நேர்ச்சட்டம் வைத்து 0.10 மி.மீ. ஃபீலர் நுழைகிறதா பார்ப்பது, கைட், சீற், புதிய கேஸ்கட். வால்வு இடைவெளி குளிரில் இன்லெற் 0.20, எக்சோஸ்ற் 0.30 மி.மீ. ஹெட்டின் முகம் ஏற்கெனவே பலமுறை அரைக்கப்பட்டிருந்தால் வால்வு பிஸ்டனுக்குக் கிட்ட வந்துவிடும். அப்படிப்பட்ட ஹெட்டை மறுபடி அரைக்கச் சொல்லவேண்டாம்.

பலர் ஹெட்டைச் செய்துவிட்டு நொசிலைப் பழையபடி பூட்டுகிறார்கள். காசு வீணாவது அங்கேதான். நொசிலை பம்ப் ரூமில் கொடுத்துத் திறக்கும் அழுத்தம் பார்க்கவேண்டும். நேரே பிஸ்டன் கிண்ணத்துக்குள் டீசல் அடிக்கும் இந்த வகை எஞ்சின்களில் அது ஏறத்தாழ 180 முதல் 210 பாருக்குள் இருக்கும். உங்கள் எஞ்சினுக்குரிய அளவில் ஆறும் ஒன்றாக நிற்கவேண்டும். பழைய செப்பு வாஷர் குழிக்குள் ஒட்டிக்கிடக்க அதன்மேல் புதியது போடுவது இன்னொரு பிழை. இரண்டு வாஷர் ஆனதும் நொசில் மேலே ஏறி, டீசல் பிஸ்டன் கிண்ணத்தின் விளிம்பில் படும். எஞ்சின் புதிதாகச் செய்தும் கறுப்புப் புகை போகவில்லை என்று வருபவர்களில் சிலருக்கு நோய் இதுதான்.

டீசல் பம்பைப் பற்றி ஒரு வார்த்தை. தொண்ணூறுகளில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய ஊர் என்பதால், டீசல் தட்டுப்பாடு வந்தபோது லொறிக்கும் அதைக் கலந்தவர்கள் உண்டு. கார் தாங்கும், டீசல் பம்ப் தாங்காது. அதன் பிளஞ்சருக்கு டீசல்தான் மசகு. அப்படி ஓடிய வண்டி சூட்டில் நிறுத்தினால் மறுபடி ஸ்ரார்ட் ஆக அடம்பிடிக்கும், காலையில் ஒழுங்காக வரும். சம்ப் ஒயிலின் அளவு குறையாமல் ஏறிக்கொண்டே போனாலும், ஒயில் டீசல் மணத்தாலும், டீசல் பம்பையும் அதற்கு டீசல் தள்ளும் லிஃப்ற் பம்பையும் பாருங்கள். நீர்த்த ஒயிலில் பேரிங் நெடுநாள் நில்லாது.

## முழு வேலை

4×4 ஆமி லொறிக்கு, புளொக் நல்லதாக இருந்தால், எங்கள் முதல் தெரிவு இதுதான். காரணம் எஞ்சினைச் சுற்றி எதையும் மாற்றவேண்டியதில்லை. பத்திரத்திலும் கைவைக்கத் தேவையில்லை.

"ரிங் மட்டும்" என்ற யோசனையை முதலில் தள்ளிவிடலாம். தேய்ந்த போரின் உச்சியில், ரிங் எட்டாத இடத்தில் ஒரு வரம்பு நிற்கும். புதிய ரிங்கின் கூரான விளிம்பு அதில் முட்டி முறியும். முறியாவிட்டாலும், முட்டைவடிவமான போரில் வட்டமான ரிங் முழுதாக ஒட்டாது. சில மாதத்தில் பழைய புகை திரும்பும். போரை மூன்று உயரத்தில், குறுக்கும் நெடுக்குமாக ஆறு அளவு எடுங்கள். தேய்வு 0.30 மி.மீ.க்குக் கிட்ட வந்தால் லைனர் அடிப்பதே வழி.

சாமான் வாங்கும் வரிசையில்தான் பலர் பிழைவிடுகிறார்கள். லைனர் இரண்டு விதமாக வரும்: உள்ளே இறக்கியபின் போர் போட்டு ஹோன் செய்யவேண்டியது (அளவுக்குக் குடைந்து தேய்ப்பது), ஏற்கெனவே அளவுக்கு முடித்தது. எது என்று கேட்காமல் வாங்கினால், முடித்த லைனர் என்று நினைத்துப் பிஸ்டனைத் திணிக்கும் நிலை வரும். கிராங்க்கை அளந்து, 0.25 அல்லது 0.50 மி.மீ. என்று அரைத்து, அதன் பிறகுதான் பேரிங் வாங்கவேண்டும். முன்கூட்டியே வாங்கிவைத்த பேரிங்குக்காகக் கிராங்க்கைத் தேவைக்கு மேல் அரைப்பதையும் பார்க்கிறோம். கிராங்க்கின் ஆயுள் அப்படித்தான் போகிறது. புதிய ரிங்கை ஒவ்வொன்றாகத் தன் சிலிண்டருக்குள் தனியே இறக்கி வாய் இடைவெளி பாருங்கள். 97 மி.மீ. போருக்கு 0.30 முதல் 0.45 வரை சரி. அதைவிடக் குறைந்தால் சூட்டில் விரிந்து ரிங்கின் முனைகள் முட்டி, போரைக் கீறும். கொன்ரொட் மூடிகளை இலக்கம் பார்த்துத் தன் தன் தண்டிலேயே பூட்டவேண்டும். ஒயில் கூலரையும் காற்றடித்துப் பாருங்கள். அதை விட்டுவிட்டால் புதிய எஞ்சினில் ஒயிலும் தண்ணியும் கலக்கும், பழி ஹெட் கேஸ்கட்டில் விழும்.

முதல் ஸ்ரார்ட்டுக்கு முன், ஸ்ரொப் கேபிளை இழுத்துப் பிடித்து, மீற்றரில் ஒயில் பிரஷர் தெரியும்வரை சுழற்றுங்கள். பிறகு "புது எஞ்சின், மெதுவாய் ஓட்டு" என்று வெறும் வண்டியை ஊருக்குள் உருட்டக்கூடாது. அரைச்சுமை ஏற்றி ஏ9 பாதையில் இயக்கச்சி வரைக்கும் போய்வாருங்கள். ரிங் போரில் படிய அழுத்தம் வேண்டும். ஐட்லிங்கில் விட்டால், செய்த காசெல்லாம் கண்ணாடிப் போராகிவிடும். 500 கிலோமீற்றரில் ஒயிலும் வடிகட்டியும் மாற்றி, ஹெட் போல்டையும் வால்வையும் மறுபடி பாருங்கள்.

கழற்றிய ஒயில் பத்து லீற்றருக்கு மேல் வரும். இங்கே கீழே கிடப்பது சுண்ணாம்புக்கல், ஊற்றியது கிணற்றுக்குப் போகும். சுன்னாகப் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த பிரச்சினை எல்லோருக்கும் தெரியும். கேனில் சேர்த்து, பழைய ஒயில் எடுப்பவர்களிடம் கொடுங்கள்.

## பஸ்ஸில் கழற்றிய எஞ்சின்

புளொக் வெடித்து, தையல் போட்டும் நில்லாத நிலை என்றால் மட்டும் இதை யோசியுங்கள். டாட்டா பஸ்களில் ஓடிய 697 அப்படியே கியர் பொக்ஸில் பொருந்தும் என்பது பெரிய இலாபம். ஆனால் 4×4 வண்டியில் எஞ்சினுக்கு நேர்கீழே முன் அச்சின் டிஃபரன்ஷல் ஏறி இறங்குகிறது. பஸ் எஞ்சினின் சம்ப் அதில் இடிக்கும். உங்கள் பழைய சம்ப்பையும், அதற்குள் இருக்கும் ஒயில் உறிஞ்சு குழாயையும் சேர்த்தே மாற்றவேண்டும். சம்ப்பை மட்டும் மாற்றி, குழாயை மறந்தால், குழாய் ஒயிலுக்குள் அமிழாது. பிரேக் அடிக்கும்போது பிரஷர் விழும்.

விற்பவரிடம் போகும்போது எஞ்சின் ஏற்கெனவே சூடாக இருந்தால், அது ஆறும்வரை இருந்து, குளிரில் ஸ்ரார்ட் ஆவதைப் பார்த்தே வாருங்கள். வாங்கிய கையோடு முதலில் சொன்ன அளவுகளை இதற்கும் எடுக்கவேண்டும்.

எஞ்சின் இலக்கம் மாறுவதால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பத்திரத்தைத் திருத்தவேண்டும். எஞ்சின் எங்கிருந்து வந்தது என்பதற்கு விற்பனைச் சிட்டை இல்லாமல் எந்த எஞ்சினும் வாங்கவேண்டாம். பிறகு வண்டியை விற்கப்போகும் நாளில்தான் அதன் வலி தெரியும்.

## ஜப்பான் எஞ்சின்

பெரும்பாலும் பேசப்படுவது இசுசு 6பீடீ1: 102 மி.மீ. போர், 118 மி.மீ. ஸ்ட்ரோக், 5785 சிசி. இழுவை, சத்தம், ஸ்ரார்ட் மூன்றிலும் நல்ல எஞ்சின், சாமானும் தாராளம். இதில் வால்வு இடைவெளி இரண்டு பக்கமும் 0.40 மி.மீ. டாட்டா பழக்கத்தில் 0.20 வைத்தால் வால்வு எரியும். இறக்குமதியாகி வருவது ஓடிக் கழற்றிய எஞ்சின்தான், பிரித்துச் செய்தது அல்ல. அளந்து பார்க்காமல் இதையும் வாங்கக்கூடாது. சில ஜப்பானியக் கிராங்க்குகளின் மேற்பரப்பு நைட்ரைட் செய்து கடினமாக்கப்பட்டது. அரைத்தால் அந்தத் தோல் போய், கிராங்க் விரைவில் தேயும்.

எஞ்சினின் விலையோடு கணக்கு முடிவதில்லை. எஞ்சினையும் கியர் பொக்ஸையும் இணைக்கும் அடப்ரர் தட்டு அடிக்கவேண்டும். பூட்டியபின் டயல் மீற்றர் வைத்துச் சுற்றி, மையம் 0.20 மி.மீ.க்கு மேல் விலகக்கூடாது. விலகினால் கியர் பொக்ஸின் முன் பேரிங்கும் கிளச் தட்டும் திரும்பத் திரும்பப் போகும், காரணம் யாருக்கும் தெரியாது. காற்றுப் பிரேக் வண்டிக்கு, வக்யூம் பம்ப் மட்டும் உள்ள எஞ்சின் உதவாது. கம்பிரசர் ஒன்றை வேறாகப் பூட்டி, அதற்கு ஒயிலும் தண்ணியும் இழுக்கவேண்டும். எக்ஸ்கவேற்றரில் கழற்றிய 6பீடீ1 மலிவாகக் கிடைக்கும். ஆனால் அதன் பம்ப் லொறி ஓட்டத்துக்கு அமைத்ததல்ல, சம்ப்பும் ஃபிளைவீல் ஹவுசிங்கும் வேறு. ஸ்ரார்ட்டர், ஓல்ரனேற்றர் இரண்டும் 24 வோல்ட்தானா என்று பாருங்கள். பிறகு மவுண்டிங், ரேடியேற்றர் குழாய், ஃபேன் இடைவெளி, புரொப்செல்லர் தண்டின் நீளம்.

4×2 வண்டியில், தினமும் ஓடவேண்டிய பவுசரில், இதே மாற்றத்தைச் செய்து பழகிய கராஜில் என்றால் தாராளமாகச் செய்யலாம். 4×4 இல் நாங்கள் பரிந்துரைப்பதில்லை. சம்ப்பும் முன் அச்சும் இடிக்கும் என்று எஞ்சினை உயர்த்துவார்கள், உயர்த்தினால் தண்டின் கோணம் பிழைக்கும், அதைச் சரிசெய்ய ட்ரான்ஸ்ஃபர் பொக்ஸில் கைவைப்பார்கள். பாதியில் நின்ற வண்டிகள் பெரும்பாலும் இந்த வகைதான்.

## எந்த எஞ்சின் என்றாலும் தண்ணி

நம்மூர்க் கிணற்றுத் தண்ணி கேத்தலில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே சுண்ணாம்புதான் புளொக்கின் தண்ணீர்க் குடைவிலும் படிகிறது, அதுவும் கடைசிச் சிலிண்டர்களைச் சுற்றித் தடிப்பாக. முன்பக்க மீற்றர் 80 பாகை காட்டும்போது ஆறாம் சிலிண்டர் வெந்துகொண்டிருக்கும். கரையோரக் கிணறு என்றால் உப்பும் சேர்ந்து அரிக்கும்.

புளொக்கின் பக்கத் துளைகளை அடைக்கும் வெல்ஷ் மூடிகளைக் கழற்றி, கம்பியால் கிளறிச் சேற்றை எடுங்கள். பிறகு 20 லீற்றர் தண்ணிக்கு ஒரு கிலோ சிட்ரிக் அமிலம் கலந்து, அரைமணி சூட்டில் ஓடவிட்டு வடித்து, சலவைச் சோடா கரைத்த தண்ணியால் கழுவி, இருமுறை நல்ல தண்ணியால் அலசுங்கள். அலுமினிய ரேடியேற்றர் என்றால் அமிலம் வேண்டாம். நிரப்பும்போது மாரியில் சேமித்த மழைத்தண்ணியும் கூலன்ற்றும் பாதிக்குப் பாதி.

சூடாகிறது என்று தேர்மோஸ்ரற்றைக் கழற்றி எறிவது இங்கே ஒரு வழக்கம். அது இல்லாவிட்டால் பைபாஸ் வழி மூடாது. தண்ணியில் ஒரு பங்கு ரேடியேற்றருக்குப் போகாமலே சுற்றும். சுமை இல்லாதபோது எஞ்சின் குளிர்ந்தே ஓடி ஒயிலில் கசடு சேரும், சுமை ஏறும்போது முன்னைவிடச் சூடாகும்.

## ஒன்றும் செய்யாமல் விடுவது

எஞ்சினுக்குக் காசு எண்ணும் முன், சுத்தியலோடு வண்டிக்குக் கீழே படுங்கள். ஸ்பிரிங் தாங்கிகள் பூட்டும் இடங்களிலும், சாசிச் சட்டம் இரட்டையாகப் பொருத்திய இடங்களிலும் தட்டுங்கள். நல்ல இரும்பு மணியோசை தரும், உப்புக் காற்றில் அரித்தது மொத்தென்று கேட்கும். இரண்டு தகடுகளுக்கு நடுவே துரு ஊதி விலகியிருந்தால், அந்த வண்டியின் எஞ்சினை நல்ல விலைக்குக் கொடுத்துவிட்டு, அச்சுகளையும் ட்ரான்ஸ்ஃபர் பொக்ஸையும் தனித்தனியே விற்கலாம். இன்னொரு 4×4 வைத்திருப்பவர் அவற்றைத் தேடிக்கொண்டிருப்பார்.